ரெண்டு நோபல், நடுவுல நீளமான இடைவெளி: ஃப்ரெட் சேங்கரோட பேப்பர் ரெக்கார்ட் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மாலிக்யூலர் பயாலஜி ஆராய்ச்சியாளர் வேலைக்கோ, ப்ரமோஷனுக்கோ, கிராண்ட்டுக்கோ அப்ளை பண்ணா கமிட்டி கையில முதல்ல போறது அவரோட பேப்பர் எண்ணிக்கை, மொத்த சைட்டேஷன் (மத்தவங்க தங்க பேப்பர்ல இவரோட பேப்பர மேற்கோள் காட்டின தடவ), எச்-இண்டெக்ஸ் (பேப்பர் எண்ணிக்கையையும் சைட்டேஷனையும் சேத்து சொல்ற ஒரு நம்பர்), எந்தெந்த ஜெர்னல்ல வந்திருக்குங்கிற லிஸ்ட், அவ்வளவுதான். இந்த நம்பருங்க நல்லதா கெட்டதான்னு பொதுவா பேசிக்கிட்டே இருக்கலாம், ஒரு முடிவுக்கும் வராது. அதனால ஒரே ஒரு ஆளோட ரெக்கார்ட எடுத்து வருஷ வாரியா விரிச்சு வெச்சு, எந்த இடத்துல நம்பர் சரியா பேசுது, எந்த இடத்துல நம்மள தப்பான பக்கம் கூட்டிட்டு போகுதுன்னு பாத்துடலாம்.

நான் எடுத்திருக்குற ஆள் ஃப்ரெட்ரிக் சேங்கர். 1918-ல இங்கிலாந்துல பொறந்து 2013-ல காலமானவரு. கெமிஸ்ட்ரி நோபல ரெண்டு தடவ வாங்கின முதல் ஆள். 1958-ல புரதங்களோட அமைப்புக்கு, அதுலயும் முக்கியமா இன்சுலினுக்கு, தனியா வாங்கினாரு. 1980-ல டிஎன்ஏ சீக்வென்ஸ், அதாவது டிஎன்ஏல ஏ, ஜி, சி, டின்னு நாலு எழுத்தும் நிக்குற வரிசைய, படிக்கிறதுக்கு, அந்த வருஷம் பால் பெர்க், வால்டர் கில்பர்ட் ரெண்டு பேரோட சேந்து. அவரு போனதுக்கு அப்புறம் 2014-ல சயின்ஸ் ஜெர்னல்ல சிட்னி பிரென்னர் ஒரு அஞ்சலி எழுதினாரு. பிரென்னரும் கேம்பிரிட்ஜ்ல அதே லேப்ல பல வருஷம் இருந்தவரு, அவரும் நோபல் வாங்கினவரு. அதுல அவரு சொன்னதோட சாரம் இதுதான்: சேங்கர் மாதிரி ஒரு ஆள் இன்னைக்கு இருக்குற அறிவியல் உலகத்துல தப்பிக்கவே முடியாது, 1952 இன்சுலினுக்கும் 1967 ஆர்என்ஏ (டிஎன்ஏவோட உறவுக்கார மூலக்கூறு) சீக்வென்சுக்கும் நடுவுல பெருசா ஒண்ணும் இல்ல, அப்புறம் 1977 வரைக்கும் இன்னொரு இடைவெளின்னு ஏதாவது ஒரு கமிட்டி குறிச்சு வெச்சு, இவரு உற்பத்தி இல்லாத ஆளுன்னு முத்திரை குத்தி, இவருக்கு கிடைச்ச கொஞ்ச பணத்தையும் நிறுத்தியிருக்கும்.

இத நிறைய பேர் மேற்கோள் காட்டுறாங்க, ஆனா அந்த இடைவெளிக்குள்ள போய் என்ன இருந்துச்சுன்னு பாக்குறவங்க கம்மி. எனக்கு அந்த இடம்தான் இந்த கேஸோட உயிர்னு தோணுது.

முதல் பத்து வருஷம்: 51 அமினோ அமிலம்

சேங்கர் 1943-ல பிஎச்டி முடிச்சாரு, லைசினோட வளர்சிதை மாற்றம் பத்தி. அதுக்கப்புறம் கேம்பிரிட்ஜ்லயே சிப்னல் க்ரூப்ல சேந்து இன்சுலின எடுத்தாரு. அப்போ புரதத்துக்குன்னு ஒரு திட்டவட்டமான எழுத்து வரிசை (அதாவது அமினோ அமிலங்கிற சின்ன மூலக்கூறுங்க கோத்திருக்குற வரிசை) இருக்குமா, இல்ல கலந்து கட்டின ஒரு கூட்டமாங்கிறதே தெளிவா இல்லாத காலம்.

1945-ல பயோகெமிக்கல் ஜெர்னல்ல இன்சுலினோட ஃப்ரீ அமினோ க்ரூப்கள் பத்தி ஒரு பேப்பர், ஒரே ஆத்தர். அதுல அவரு ஃப்ளூரோ-டைநைட்ரோபென்சீன்ங்கிற ஒரு கெமிக்கல கொண்டு வராரு. அது புரதச் சங்கிலியோட முனையில சும்மா நிக்குற அமினோ க்ரூப்ப போய் புடிச்சுக்கும், புடிச்சதுக்கு அப்புறம் புரதத்த ஆசிட்ல போட்டு துண்டு துண்டா ஒடைச்சாலும் அந்தப் பிடி விடாது, அதோட நல்ல மஞ்சள் கலர் வேற. அதனால ஒடைச்ச கலவைல மஞ்சளா இருக்குறத மட்டும் பிரிச்சுப் பாத்தா சங்கிலி எந்த அமினோ அமிலத்துல ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சிடும். இன்சுலின்ல இப்படி கிளைசின், ஃபினைல்அலனின்னு ரெண்டு முனை வந்துச்சு, அப்படின்னா ரெண்டு விதமான சங்கிலி இருக்குன்னு அர்த்தம்.

இதுலேர்ந்து ஆரம்பிச்சு 1951-ல ஹான்ஸ் டுப்பியோட சேந்து 30 அமினோ அமிலம் இருக்குற பி சங்கிலி, 1953-ல தாம்சனோட சேந்து 21 இருக்குற ஏ சங்கிலி, 1955-ல ரெண்டு சங்கிலியையும் எந்தெந்த சல்ஃபர் பாலம் சேக்குதுங்கிறது. பத்து வருஷம், 51 அமினோ அமிலம். முக்கியமான பேப்பருங்கள விரல் விட்டு எண்ணிடலாம், அதுவும் பாதிக்கு மேல பயோகெமிக்கல் ஜெர்னல்லயே. இன்னைக்கு ஜெர்னல் பேர வெச்சு மார்க் போடுற கமிட்டி மேல் வரிசைல வெக்கிற ஜெர்னல் இல்ல அது.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். எந்த பேப்பர யாரு சைட் பண்ணாங்கன்னு தொகுக்குற, யூஜின் கார்ஃபீல்டோட சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவர ஆரம்பிச்சது 1960-கள்லதான். அதாவது 1958-ல நோபல் கமிட்டி சேங்கரோட வேலைய எடை போட்டப்போ இந்த பேப்பர எத்தன பேர் சைட் பண்ணியிருக்காங்கன்னு எண்ணிப் பாக்குற வசதியே கிடையாது. உக்காந்து படிச்சாங்க, ஒவ்வொரு புரதத்துக்கும் தனக்குன்னு ஒரு வரிசை இருக்குங்கிறத இது நிரூபிச்சிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க, குடுத்தாங்க.

இன்னொண்ணு, இந்த இன்சுலின் பேப்பருங்கள இன்னைக்கு யாரு சைட் பண்றாங்க? ரொம்ப கம்மி. புரதத்துக்கு ஒரு நிலையான அமினோ அமில வரிசை உண்டுன்னு ஒவ்வொரு புரத பேப்பரும் எடுத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்குது, ஆனா அதுக்கு யாரும் 1951-அ சைட் பண்ணப் போறதில்ல. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இத பத்தி எழுதியிருக்காரு, ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவுக்குள்ள முழுசா கலந்துட்டா அதோட மூலம் மறைஞ்சு போயிடும்னு. சைட்டேஷன் குறையறது அங்க தோல்வியோட அடையாளம் கிடையாது, அதுக்கு நேர் எதிர்.

நடுவுல இருக்குற வருஷங்கள்

இப்போ விஷயத்துக்கு வருவோம். 1955-லேர்ந்து 1975 வரைக்கும் இருபது வருஷம்.

சேங்கரே 1988-ல தன்னோட வாழ்க்கைய பத்தி எழுதினப்போ இன்சுலினுக்கு அப்புறம் வந்த காலத்த பெரிய வெற்றி ஒண்ணும் இல்லாத வறண்ட வருஷங்கள்னு சொல்றாரு, இப்படி ஒரு காலம் பெரும்பாலான ஆராய்ச்சியாளருங்களுக்கு வரும், அப்போ அடுத்தத பாத்துக்கிட்டே போறதுதான் மருந்துன்னும் எழுதியிருக்காரு. அதே கட்டுரைல யோசிக்கிறது, பேசுறது, செய்யிறதுன்னு ஆராய்ச்சிக்கு மூணு பக்கம் இருக்கு, தனக்கு புடிச்சதும் தனக்கு நல்லா வர்றதும் கடைசிதான்னு சொல்லியிருப்பாரு. நோபல் வாங்கினதுக்கு அப்புறமும் தினமும் பெஞ்ச்ல நின்னு தன் கையாலயே பரிசோதன பண்ணவரு. அவரோட லேப் நோட்டுப் புத்தகங்கள் இப்போ லண்டன்ல வெல்கம் நூலகத்துல இருக்கு.

இந்த இருபது வருஷத்த நான் வரிசையா எடுத்துப் பாத்தப்போ பிரென்னர் போட்ட கணக்கு கொஞ்சம் கடுமையானதுன்னு தோணுச்சு. கமிட்டி எப்படிப் பாக்கும்னு காட்டுறதுக்காக அவரு அப்படி சொன்னாரு, அது சரிதான். ஆனா 1964-ல மார்க்கரும் சேங்கரும் சேந்து ஜெர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜில ஒரு பேப்பர் போட்டிருக்காங்க, ஃபார்மைல்-மெத்தியோனின்ங்கிற அமினோ அமிலம் மாட்டிக்கிட்டு இருக்குற டிஆர்என்ஏ (புரதம் கட்டுற இடத்துக்கு அமினோ அமிலத்த தூக்கிட்டு வர்ற சின்ன ஆர்என்ஏ) பத்தி. பாக்டீரியால புரதம் கட்ட ஆரம்பிக்கிறது எந்த அமினோ அமிலத்துலேர்ந்துங்கிறதுக்கான சாவி அதுதான். இத பண்ண ஒருத்தர சும்மா இருந்தாருன்னு சொல்ல முடியாது.

1962-ல கேம்பிரிட்ஜ்ல எம்ஆர்சி (பிரிட்டனோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) மாலிக்யூலர் பயாலஜி லேப் புது கட்டடத்துல திறந்தப்போ சேங்கர் அங்க மாறுறாரு. அங்க பெருட்ஸ், கெண்ட்ரூ, க்ரிக், பிரென்னர்னு எல்லாரும் இருக்காங்க, சுத்தி எங்க பாத்தாலும் நியூக்ளிக் ஆசிட் (டிஎன்ஏ, ஆர்என்ஏ) பத்திதான் பேச்சு. புரதத்துல பேர் வாங்கின ஒரு ஆள் நாப்பத்தி நாலு வயசுல தனக்கு பழக்கமில்லாத பொருளுக்கு மாறுறாரு. இப்படி மாறினா முதல்ல அடி வாங்குறது பேப்பர் எண்ணிக்கைதான். பழைய துறைல இருந்தா ஒவ்வொரு புரதமா சீக்வென்ஸ் போட்டு பேப்பர் அடுக்கியிருக்கலாம், அவரோட முறைய எடுத்துக்கிட்டு மத்தவங்க அதத்தான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

1965-ல ப்ரவுன்லீ, பாரெல்லோட சேந்து கதிரியக்கம் ஏத்தின ஆர்என்ஏ துண்டுகள ரெண்டு திசைல பிரிக்கிற ஒரு முறைய வெளியிடுறாரு. ஆனா அதே வருஷம் ராபர்ட் ஹாலி க்ரூப் அமெரிக்காவுல அலனின் டிஆர்என்ஏவோட முழு வரிசையையும் முடிச்சுட்டாங்க, முதல் ஆர்என்ஏ சீக்வென்ஸ்ங்கிற பேர் அவங்களுக்குப் போயிடுச்சு, ஹாலிக்கு 1968-ல நோபலும் கிடைச்சுது. 1967-ல சேங்கர் க்ரூப் ஈ.கோலைங்கிற பாக்டீரியால இருக்குற 5எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவ முடிக்கிறாங்க, 120 எழுத்து. 1969-ல ஆர்17 வைரஸோட கோட் (மேலுறை) புரத ஜீன்லேர்ந்து ஒரு துண்டு, 57 எழுத்து. 1973-ல டிஎன்ஏவ காப்பி எடுக்குற டிஎன்ஏ பாலிமரேஸ்ங்கிற என்சைம வெச்சு டிஎன்ஏவ படிக்க முடியுமான்னு பாத்து எஃப்1 வைரஸ்ல 50 எழுத்து.

இப்போ ஒரு கமிட்டி 1974-ல உக்காந்து இத பாக்குதுன்னு வெச்சுக்குங்க. நம்பர் மட்டும் பாத்தா: பதினாறு வருஷத்துக்கு முன்னாடி நோபல், அதுக்கப்புறம் ரெண்டாவதா ஓடின ஒரு ரேஸ், 120, 57, 50-ன்னு குறைஞ்சுக்கிட்டே வர்ற எழுத்து எண்ணிக்கை. முடிஞ்சு போன ஆளுன்னு எழுதிட்டு அடுத்த ஃபைல எடுத்துடுவாங்க. ஆனா பேப்பருங்கள தொறந்து படிச்சா வேற ஒண்ணு தெரியும். 1973-க்கு முன்னாடி வரைக்கும் அவரோட எல்லா முறையும் ஒரே அடிப்படைதான்: பெரிய மூலக்கூற ஒடை, துண்டுகள பிரி, ஒவ்வொண்ணையும் படி, திரும்ப ஒட்டு. இன்சுலின்லயும் அதான், ஆர்என்ஏலயும் அதான். 1973-ல முதல் தடவையா ஒடைக்கிறத விட்டுட்டு பாலிமரேஸ் காப்பி எடுக்குறப்போவே வரிசைய படிச்சிடலாமான்னு யோசன திரும்புது. 50 எழுத்துங்கிறது சின்னது, ஆனா அந்தத் திருப்பம் பெருசு. இத எந்த சைட்டேஷன் கணக்கும் 1974-ல காட்டியிருக்காது, படிச்சவனுக்கு மட்டும்தான் தெரியும்.

1975-லேர்ந்து 1977 வரைக்கும்

1975-ல சேங்கரும் ஆலன் கூல்சனும் ப்ளஸ் அண்ட் மைனஸ்னு சொல்ற முறைய வெளியிடுறாங்க. பாலிமரேஸ் காப்பி எடுத்துக்கிட்டு போறப்போ ஒரு எழுத்து கிடைக்காம நின்னா எங்க நிக்குதுங்கிறத வெச்சு வரிசைய கண்டுபுடிக்கிற முறை. வேகம் வந்துச்சு, ஆனா ஒரே எழுத்து தொடர்ந்து மூணு நாலு தடவ வந்தா எத்தனன்னு சரியா சொல்ல முடியாம திணறுச்சு. இந்த முறைய வெச்சுத்தான் பெரும்பாலும் ஃபை எக்ஸ் 174 வைரஸோட முழு டிஎன்ஏவும் படிச்சு 1977 ஃபிப்ரவரில நேச்சர்ல போட்டாங்க, சுமார் 5,375 எழுத்து, அடுத்த வருஷம் திருத்தினப்போ 5,386. ஒரு டிஎன்ஏ ஜீனோம் (ஒரு உயிரியோட இல்ல வைரஸோட மொத்த டிஎன்ஏ வரிசை) முழுசா படிக்கப்பட்டது அதான் முதல் தடவ. ஒரே டிஎன்ஏ நீளத்துல ரெண்டு ஜீன் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கும்ங்கிறதும் அதுல தெரிஞ்சுது.

அதே ஃபிப்ரவரில மேக்ஸமும் கில்பர்ட்டும் கெமிக்கலால டிஎன்ஏவ வெட்டிப் படிக்கிற முறைய பிஎன்ஏஎஸ்ங்கிற அமெரிக்க ஜெர்னல்ல போடுறாங்க. டிசம்பர்ல அதே பிஎன்ஏஎஸ்ல சேங்கர், நிக்லன், கூல்சன் மூணு பேரும் போட்டதுதான் அந்தப் பேப்பர். சங்கிலிய நிறுத்துற இன்ஹிபிட்டர் வெச்சு டிஎன்ஏ சீக்வென்சிங். மொத்தம் அஞ்சு பக்கம், 5463-லேர்ந்து 5467 வரைக்கும்.

அதுல இருக்குற யோசனைய கொஞ்சம் கிட்டத்துல போய் பாக்கணும், ஏன்னா சைட்டேஷன் ஏன் அவ்வளவு வந்துச்சுங்கிறதுக்கு பதில் அங்கதான் இருக்கு. டிஎன்ஏ சங்கிலி வளரணும்னா கடைசியா சேந்த எழுத்தோட சர்க்கரைல ஒரு ஹைட்ராக்சில் க்ரூப் இருக்கணும், அடுத்த எழுத்து அதுலதான் வந்து மாட்டும். டைடீஆக்சின்னு சொல்ற மாத்தி அமைச்ச எழுத்துல அந்த ஹைட்ராக்சில் இல்ல. அது சேந்துட்டா சங்கிலி அங்கயே நின்னுடும். நாலு ட்யூப் எடுத்துக்குவாங்க. நாலுலயும் படிக்க வேண்டிய டிஎன்ஏ, ப்ரைமர் (காப்பி எடுக்க ஆரம்பிக்கிறதுக்கான சின்ன டிஎன்ஏ துண்டு), பாலிமரேஸ், சாதா எழுத்து நாலும், அதுல ஒண்ணுக்கு கதிரியக்க பாஸ்பரஸ். முதல் ட்யூப்ல மட்டும் கொஞ்சமா டைடீஆக்சி ஏ, ரெண்டாவதுல ஜி, மூணாவதுல சி, நாலாவதுல டி. ஏ ட்யூப்ல ஏ வர்ற ஒவ்வொரு இடத்துலயும் சில சங்கிலி நின்னுடும், மீதி தாண்டிப் போகும், அதனால ஏ எங்கெங்க இருக்கோ அந்தந்த நீளத்துல எல்லாம் துண்டு கிடைக்கும். நாலையும் பக்கத்து பக்கத்துல மெல்லிசான அக்ரிலமைட் ஜெல்ல ஓட்டி, எக்ஸ்ரே ஃபிலிம் மேல வெச்சு கழுவினா ஏணிப்படி மாதிரி கறுப்பு கோடுங்க. சின்னத் துண்டு வேகமா ஓடி கீழ போயிருக்கும், அதனால கீழேர்ந்து மேல, எந்த வரிசைல அடுத்த கோடு இருக்குன்னு பாத்து பாத்து ஏ, ஜி, ஜி, டி, சின்னு வாயால சொல்லிக்கிட்டே போகலாம், பக்கத்துல ஒருத்தர் எழுதிக்குவாரு. ஒரே எழுத்து மூணு தடவ வந்தா மூணு கோடு தனித்தனியா நிக்கும், ப்ளஸ் மைனஸ்ல இருந்த சிக்கல் போயிடுச்சு. ப்ரைமர்லேர்ந்து 15-வது எழுத்துல ஆரம்பிச்சு சுமார் 200 வரைக்கும் நம்பி படிக்கலாம், சில நேரம் 300 கூட போகும்னு அந்தப் பேப்பர்லயே சொல்லியிருக்காங்க.

இவ்வளவு நல்ல முறையா இருந்தும் சைட்டேஷன் மறுநாளே பொங்கிடல. ஆரம்பத்துல சில வருஷம் மேக்ஸம் கில்பர்ட் முறைதான் நிறைய லேப்ல ஓடுச்சு, ஏன்னா சேங்கர் முறைக்கு ஒத்தை இழை டிஎன்ஏ வேணும், அத தயார் பண்றது கஷ்டமா இருந்துச்சு. எம்13 வைரஸுக்குள்ள டிஎன்ஏவ குளோன் பண்ணி ஒத்தை இழையா எடுக்குற வழிய மெஸ்ஸிங் போன்றவங்க சுலபமாக்கினதுக்கு அப்புறம்தான் எல்லாரும் இந்தப் பக்கம் வந்தாங்க. ஒரு பேப்பரோட சைட்டேஷன் வளர்ச்சி இன்னொருத்தரோட வேலைய நம்பி இருக்கும்ங்கிறதுக்கு இது நல்ல உதாரணம். பேப்பர் வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள எவ்வளவுன்னு எண்ணுற இம்பாக்ட் ஃபேக்டர் கணக்கு இந்த மாதிரி வளர்ச்சிய பாக்கவே பாக்காது.

அந்தப் பெரிய நம்பர்

2014-ல நேச்சர் ஜெர்னல் வெப் ஆஃப் சயின்ஸ்ங்கிற சைட்டேஷன் தொகுப்போட டேட்டாவ வெச்சு எல்லா காலத்துலயும் அதிகமா சைட் பண்ணப்பட்ட 100 பேப்பர வரிசைப்படுத்துனாங்க. 1977 சேங்கர் பேப்பர் நாலாவது இடம், 65,335 சைட்டேஷன். முதல் மூணும் புரதம் சம்பந்தப்பட்ட லேப் முறைங்க. முதல் இடம் 1951-ல லவ்ரி க்ரூப் போட்ட புரத அளவு கண்டுபுடிக்கிற முறை, 305,148. ரெண்டாவது 1970-ல லேம்லி போட்டது, 213,005. மூணாவது 1976 ப்ராட்ஃபோர்ட், 155,530. அந்த 100-க்குள்ள வரணும்னா குறைஞ்சது 12,119 வேணும். வாட்சன், க்ரிக்கோட 1953 இரட்டைச் சுருள் பேப்பர் அதுல இல்ல.

இந்த ஒரு வரிய நல்லா உள்ள வாங்கிக்கணும். டிஎன்ஏவோட அமைப்ப சொன்ன பேப்பர் லிஸ்ட்ல இல்ல, டிஎன்ஏவ படிக்கிற முறைய சொன்ன பேப்பர் நாலாவது. அப்போ ரெண்டாவதுதான் பெரிய அறிவியல்னு அர்த்தமா? இல்ல. சைட்டேஷன்ங்கிறது ஒரு பேப்பர எத்தன பேர் தன் வேலைல எடுத்து பயன்படுத்தி, அதையும் எழுத வேண்டிய கட்டாயத்துல இருந்தாங்கன்னு மட்டும்தான் எண்ணுது. மெத்தட்ஸ் பகுதில இன்ன முறைல பண்ணோம்னு எழுதறப்போ ஒரு ரெஃபரன்ஸ் போட்டே ஆகணும், அங்க குவியும். லேம்லி கேஸ் இன்னும் தெளிவு, அந்தப் பேப்பர் டி4 வைரஸோட தலை எப்படி கட்டப்படுதுங்கிறத பத்தினது, சைட் பண்ண ரெண்டு லட்சம் பேர்ல பெரும்பாலானவங்க அதுல வந்த ஜெல் முறைக்காக பண்ணவங்க, வைரஸுக்காக இல்ல. சேங்கர் ரெக்கார்டுக்குள்ளயே பாருங்க, ஃபை எக்ஸ் பேப்பர்ல அறிவியல் செய்தி அதிகம், முழு ஜீனோம், ஒண்ணு மேல ஒண்ணு ஜீன், ஆனா அது அந்த 100-க்குள்ள வரல.

சரி, 65,335 அதிகம்தானேன்னு கேக்கலாம். என் கணிப்புல அது ரொம்ப கம்மி. 1980-களோட நடுவுல இந்த முறைல கதிரியக்கத்துக்கு பதிலா ஒளிர்ற சாயம் வந்துச்சு, தானியங்கி மெஷின் வந்துச்சு, கிட் வந்துச்சு, மனித ஜீனோம் திட்டம் இதே அடிப்படைலதான் 2003-ல முடிஞ்சுது. அப்புறம் ஆராய்ச்சியாளர் தன் லேப்ல சீக்வென்ஸ் பண்றதே நின்னு போச்சு, ட்யூப்ப அனுப்பினா ரிசல்ட் ஃபைலா வந்துடும். பேப்பர்ல சேங்கர் சீக்வென்சிங் மூலமா உறுதி பண்ணோம்னு ஒரு வரி, ரெஃபரன்ஸ் கிடையாது. பேரு சொல்லுவாங்க, சைட் பண்ண மாட்டாங்க. க்ளோன் சரியா இருக்கான்னு பாக்குற ஒவ்வொரு லேப்லயும், நோயாளியோட ஜீன்ல மாற்றம் இருக்கான்னு உறுதி பண்ற இடத்துலயும் இது நடந்துக்கிட்டே இருக்கு, ஒண்ணு கூட கணக்குல ஏறாது.

ஆத்தர் வரிசை, ஆளுங்க

1981-ல மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முழுசா நேச்சர்ல வந்துச்சு, 16,569 எழுத்து. அதுல மொத்தம் 14 ஆத்தர், எல்லாரும் ஆங்கில அகர வரிசைப்படி. முதல் பேரு ஆண்டர்சன். சேங்கர் பத்தாவது. முதல் ஆத்தருக்கு இத்தன மார்க், கடைசி ஆத்தருக்கு இத்தன, நடுவுல இருந்தா கால் மார்க்னு போடுற ஃபார்முலா பல இடத்துல இருக்கு, அத வெச்சு பாத்தா ரெண்டு நோபல் வாங்கின ஆளுக்கு அவரோட முறைல அவரோட டிவிஷன்ல நடந்த வேலைக்கு கால் மார்க் வரும். அதே 14 பேர்ல இளைஞருங்களா இருந்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதைன்னு அந்த ஃபார்முலாவுக்கு தெரியாது. அடுத்த வருஷம் லாம்ப்டா வைரஸ், 48,502 எழுத்து, அதுல அவரு முதல் பேரு. 1983-ல 65 வயசுல ரிட்டையர் ஆகி தோட்ட வேலைக்குப் போயிட்டாரு, அதுக்கப்புறம் பேர ஒட்டிக்கிட்டு பேப்பர் போடல.

அவர்கிட்ட பிஎச்டி பண்ண முதல் மாணவர் ராட்னி போர்ட்டர், ஆன்டிபாடி அமைப்புக்கு 1972 நோபல். 1970-கள்ல பண்ணவங்க எலிசபெத் பிளாக்பர்ன், டீலோமியருக்கு (குரோமோசோமோட முனைல இருக்குற டிஎன்ஏ) 2009 நோபல். பிளாக்பர்ன் டீலோமியர்ல இருக்குற திரும்பத் திரும்ப வர்ற வரிசைய கண்டுபுடிக்க முடிஞ்சதே சேங்கர் லேப்ல கத்துக்கிட்ட சீக்வென்சிங் கைப்பழக்கத்தாலதான். சேங்கரோட எச்-இண்டெக்ஸ்ல இதுக்கு ஒரு புள்ளி கூட கிடையாது.

எச்-இண்டெக்ஸ் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஹிர்ஷ்ங்கிற இயற்பியலாளர் 2005-ல சொன்னது, சேங்கர் ரிட்டையர் ஆகி 22 வருஷம் கழிச்சு. ஒருத்தருக்கு எச் 40-ன்னா 40 பேப்பருக்கு தலா 40 சைட்டேஷனாவது இருக்குன்னு அர்த்தம். இதுல 65,335 வாங்கின பேப்பரும் 41 வாங்கின பேப்பரும் ஒரே எடைதான், ரெண்டுமே ஒரு எண்ணிக்கை. கம்மியா, ஆனா ஒவ்வொண்ணும் மலை மாதிரி எழுதறவங்கள இது எப்பவும் கீழ தள்ளும், அதோட கட்டமைப்பே அப்படி.

எதிர்வாதம் ஒண்ணு

இத படிக்கிறவங்க கேக்க வேண்டிய நியாயமான கேள்வி ஒண்ணு இருக்கு. கடைசில ஜெயிச்ச ஆள எடுத்து வெச்சுக்கிட்டு இடைவெளிய நியாயப்படுத்துறது சுலபம், பத்து வருஷம் பேப்பர் இல்லாம இருந்து கடைசி வரைக்கும் ஒண்ணும் வராம போனவங்க எத்தன பேரு, அவங்களுக்கும் பணம் குடுத்துக்கிட்டே இருக்கணுமா? சரியான கேள்வி. இடைவெளி இருந்தா மேதைன்னு இந்த கேஸ் சொல்லல, அப்படி யாராவது இத பயன்படுத்தினா அது தப்பு.

நான் பாக்குறது என்னன்னா எம்ஆர்சி எத நம்பி விட்டுச்சுங்கிறது. 1951-லேர்ந்து சேங்கர் எம்ஆர்சி சம்பளத்துல இருந்தாரு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனியா கிராண்ட் எழுதி கெஞ்ச வேண்டிய நெலம இல்ல. ஆனா யாரும் கண்ணு மூடிக்கிட்டு விடல. பக்கத்து ரூம்ல பெருட்ஸும் க்ரிக்கும் பிரென்னரும் இருந்தாங்க, அவரு பெஞ்ச்ல என்ன பண்றாருன்னு புரிஞ்சுக்கிற தகுதி இருந்தவங்க, தினமும் பாத்தவங்க. 1965 பிரிக்கிற முறையும், 1967-ல 120 எழுத்தும், 1973-ல 50 எழுத்தும் சின்னச் சின்ன படியா இருந்தாலும் ஒவ்வொண்ணும் முந்தினத விட வேகமா, புது வழில போகுதுங்கிறது அவங்களுக்கு தெரிஞ்சுது. நிஜமாவே ஒண்ணும் நடக்காத இடைவெளிக்கும் இப்படி அடியில நகர்ற இடைவெளிக்கும் வித்தியாசம் இருக்கு, அந்த வித்தியாசம் எண்ணிக்கைல தெரியாது, வேலைய திறந்து பாத்தா தெரியும், அதுக்கு துறை தெரிஞ்ச ஆளுங்க நேரம் ஒதுக்கி உக்காந்து படிக்கணும். 2013-ல வெளிவந்த சான் ஃப்ரான்சிஸ்கோ பிரகடனம் ஜெர்னல் நம்பர வெச்சு ஆள அளக்காதீங்கன்னு சொல்றதும், இப்போ பல நிறுவனங்கள் முழு லிஸ்ட்டுக்கு பதிலா முக்கியமான சில பேப்பர மட்டும் குடுத்து ஒவ்வொண்ணும் ஏன் முக்கியம்னு எழுத சொல்றதும் இந்த திசைலதான். அதுலயும் ஆள் தெரிஞ்சவங்களுக்கு சாதகம் பண்ற ஆபத்து இருக்கு, அத தனியா கவனிக்கணும்.

சேங்கருக்கு அஞ்சே அஞ்சு பேப்பர்னா நான் எத வெப்பேன்? 1945 மஞ்சள் முனை பேப்பர், 1951 பி சங்கிலி, 1964 மார்க்கரோட போட்டது, 1975 ப்ளஸ் மைனஸ், 1977 டைடீஆக்சி. இதுல கமிட்டில யாராவது ஒண்ண எடுத்துடலாம்னு சொன்னா 1975-அத்தான் கை காட்டுவாங்க, ரெண்டே வருஷத்துல அவரே அத பழசாக்கிட்டாரு, அதுக்கு மேல யாரும் அத பயன்படுத்த வேண்டிய தேவை இல்ல. நான் அத விட மாட்டேன். 5,386 எழுத்தையும் பெரும்பாலும் படிச்சது அந்த முறை, ஒரே எழுத்து தொடர்ந்து வந்தா திணறுதுங்கிற அதோட குறைதான் டைடீஆக்சிய தேட வெச்சுது, 1973-ல 50 எழுத்தா இருந்த யோசன ஒரு முழு ஜீனோமுக்குப் போய் சேந்தது அந்தப் பேப்பர் வழியாத்தான்.